மணங்குக்கு இரண்டு வீசை

தராசுத் தட்டில் மரக்கட்டு ஏறியதும் வீரமலை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இடது மணிக்கட்டை வலக்கையால் பிடித்துக்கொள்வார். தெரியாமல்கூடத் தட்டைத் தொட்டுவிடக் கூடாது. முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி, ஆட்டம் குறைந்து, நிற்கும். நின்ற பிறகும் எடையைச் சொல்லமாட்டார். கண்ணை முள்ளிலிருந்து எடுத்து எதிரே எது இருக்கிறதோ அதைப் பார்ப்பார். தண்ணீர், கொக்கு, என் சட்டைப் பொத்தான், எதுவானாலும் சரி. உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் அசையும். ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம். அதற்குப் பிறகுதான் குரல் வரும்.

“மூணு மணங்கு ஆறு வீசை.”

நான் எழுதிக்கொள்வேன். எடை சொல்லும் முன் குலதெய்வத்தின் பெயரைச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் போய்க் கேட்டிருக்கலாம். யாரிடமும் எதையும் கேட்கக் கூச்சப்படுகிறவன் நான். கேட்பதற்குப் பதிலாக அந்த உதட்டசைவைப் பற்றி ஆறு வரி எழுதினேன். ஒரு சிறு பத்திரிகையில் அது அச்சாயிற்று.

1958ஆம் வருஷம் அது. திருச்சியில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். எங்கள் பேராசிரியர் தங்கையன், முத்துப்பேட்டைக்குத் தெற்கே கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டைக் கணக்கெடுக்கும் பொறுப்பை ஏற்றிருந்தார். அந்தக் காட்டில் எத்தனை வகை மரம், ஒரு ஏக்கரில் நிற்கிற மரமெல்லாம் சேர்ந்து காய்ந்த நிலையில் என்ன எடை. இந்த இரண்டும்தான் கேள்வி. இலையை நிறுக்க எங்களுக்குத் தெரியும். மரத்தை நிறுக்கத் தெரியாது.

வீரமலை அப்போது காவிரிப் பாலத்தின் ஸ்ரீரங்கத்துக் கரையில், நிஜாமுதீன் ராவுத்தரின் விறகு டிப்போவில் எடை போட்டுக்கொண்டிருந்தார். வையம்பட்டிப் பக்கத்துக்காரர். மழை பொய்த்த ஒரு வருஷம் மனைவி சந்திரம்மாளோடு ரயிலேறி வந்து, மூலத்தோப்பில் குடியிருந்தார். ஸ்ரீரங்கத்தில் பாதி வீட்டு அடுப்பு அவர் நிறுத்த விறகில்தான் எரிந்தது. பேராசிரியரும் நானும் ஆள் தேடி டிப்போவுக்குப் போன அன்று, உத்தர வீதியிலிருந்து ஒரு பெரியவர் வந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏன்பா வீரமலை, போன தடவை நீ அனுப்பின விறகு ஒரே ஈரம். தளிகை பண்றதுக்குள்ள ஆத்துல அவ கண்ணு ரெண்டும் கொட்டோ கொட்டுனு கொட்றது.”

“ஈரம் இல்லீங்க சாமி. நான் தள்ளிட்டுத்தானே வாங்குறேன். மாமி வேற எதுக்கோ அழுவுறாங்க. நீங்கதான் பக்குவமா விசாரிக்கணும்.”

பெரியவர் சிரித்துவிட்டார். சண்டை அத்தோடு தீர்ந்தது. ராவுத்தர் பேராசிரியரிடம் சொன்னார்: “கூட்டிட்டுப் போங்க சார். தராசையும் எடுத்துக்குங்க. ரெண்டையும் பிரிச்சா ரெண்டுமே வேலைக்காவாது.”

மாசி மாதம் தராசையும் எடைக்கற்களையும் சாக்கில் கட்டி, தஞ்சாவூர், திருவாரூர், திருத்துறைப்பூண்டி என்று வண்டி மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து படகு. நாங்கள் நிறுக்க வேண்டிய இடத்துக்கு மீனவர்கள் நரித்திட்டு என்று பெயர் சொன்னார்கள். மூன்று பக்கம் உப்பங்கழி, ஒரு பக்கம் கடல். சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் மூச்சுவேர்கள் விரல் உயரத்துக்குக் குத்திட்டு நின்றன. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் முதல் நாள் நின்ற இடத்திலேயே நின்றேன்.

ஆறு இடங்களில், பத்து கெஜத்துக்குப் பத்து கெஜம் கயிறு கட்டி, அதற்குள் நின்ற எல்லாவற்றையும் ஆட்கள் வெட்டினார்கள். மூன்று கம்புகளை நட்டு அதில் தராசைத் தொங்கவிட்டு, வீரமலை நிறுத்தார். நோட்டில் சேறு தெறிக்காமல் இருக்க நான் பத்தடி தள்ளி, படகின் முனையில் உட்கார்ந்து, அவர் சொன்னதை எழுதினேன். தட்டில் எத்தனை கல் என்று ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வகையிலும் சில துண்டுகள் கல்லூரிக்குப் போகும். அவற்றை மின்சாரப் பெட்டியில் உலர்த்தி, பச்சை மரத்தில் தண்ணீர் எவ்வளவு என்று கண்டுபிடித்து, அந்த அளவை மொத்தத்தில் கழிப்பது பேராசிரியரின் முறை.

எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர் மயிலம்மாள். கரையில் குடிசை. புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. கழியில் இறங்கிக் கையால் இறால் தடவி, நண்டு பிடித்து, இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். என்னைக் காட்டி முதல் நாளே வீரமலையிடம் கேட்டார்.

“இந்தத் தம்பிக்கு வாயி இருக்கா, பென்சில் மட்டுந்தானா?”

“அதுக்கு உள்ளுக்குள்ள பேச்சு. வெளிய வர நாளாவும்” என்றார் வீரமலை.

வகைக் கணக்கு சீக்கிரம் முடிந்துவிட்டது. வெண்கண்டல்தான் பெரும்பாலும். இடையிடையே நரிக்கண்டல், தில்லை, கொஞ்சம் சுரபுன்னை. கரையோரம் கழுதைமுள்ளியும் உமிரியும். தில்லையை வெட்டும்போது ஆட்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டார்கள். அதன் பால் பட்டால் கண் போய்விடும். பேராசிரியர் அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, ஆறே வகைதான் என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னார்.

மயிலம்மாள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

“ஆறுதானா சார்? மரத்த மட்டும் எண்ணுனா ஆறுதான். வெண்கண்டல் வேருக்குள்ள எறா. தில்லைக்கு அடியில சேத்து நண்டு. நரிக்கண்டல் பூத்தா தேனு. மேல குந்துற பறவை வேற. இதெல்லாம் எந்தக் கணக்குல சேத்தி?”

“அது விலங்கியல் துறைம்மா” என்றார் பேராசிரியர்.

எதற்காக இந்த எடை என்பதையும் அவர்தான் அன்று சொன்னார். நரித்திட்டை உப்பளத்துக்குக் கொடுக்கலாமா, காடாகவே விடலாமா என்று மேலிடத்தில் யோசிக்கிறார்கள். ஏக்கருக்கு இருபது டன் காய்ந்த எடை தேறினால் காடு. தேறாவிட்டால் தரிசு. அப்படித்தான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் காலையில் தராசைக் கட்டிக்கொண்டிருந்த வீரமலையின் பக்கத்தில் மயிலம்மாள் வந்து நின்றார்.

“அண்ணே, பாத்து நிறுங்க. கூட்டிச் சொல்லச் சொல்லல. கொறையாம இருந்தாச் சரி.”

“எந்தராசுல ஒரு பலம் கூடாதும்மா. ஒரு பலம் கொறையாது. நெசமான எடை என்னவோ அது வரும்.”

“அது போதும்” என்று சொல்லிவிட்டு அவர் கழியில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் அவர் தலை மட்டும் வேர்களுக்கு நடுவே நகர்ந்து போவதை வீரமலை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு முதல் கட்டை ஏற்றச் சொன்னார். ஏற்றினார்கள். முள் நின்றது. உதடு அசைந்தது. நான் எழுதினேன்.

ஆனி மாதம் கணக்கு முடிந்தது. ஏக்கருக்குப் பதினேழு டன். பேராசிரியர் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். “இன்னும் கொஞ்சம் இருக்கும்னு நெனச்சேன்” என்றார். வகை குறைவு, எடையும் குறைவு என்று அறிக்கை போயிற்று. மின்சாரப் பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று வீரமலையைத் துறையிலேயே தற்காலிகமாக வைத்துக்கொண்டார்கள். சைக்கிளில் பாலத்தைக் கடந்து தினமும் வருவார். அந்தப் பதினேழை அவர் நம்பவில்லை என்று எனக்குத் தோன்றும். “கையில கனமா இருந்துச்சே தம்பி” என்பார். “பாலத்துல நின்னு பாத்தேன். இந்தத் தண்ணி அங்கதான போவுது. அது குடிச்சு வளந்த மரம், பதினேழுதானா?”

அதற்கு அடுத்த வருஷம் ஆடி மாதம். மாணவர்களின் செய்முறைக்காகத் திருவானைக்கோவிலிலிருந்து வாழைத்தண்டு வந்து இறங்கியது. பழைய தராசு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. வீரமலை ஒரு கட்டை அதில் ஏற்றினார். கையைப் பின்னால் கட்டினார். ஜன்னலைப் பார்த்தார். உதடு அசைந்தது.

“ஆறு வீசை.”

எழுதிக்கொண்டேன். அதே கட்டை, புதிதாக வந்திருந்த கிலோ தராசில் நானே ஏற்றிப் பார்த்தேன். பதினொன்றே கால் கிலோ. வீசையில் மாற்றினால் எட்டு வருகிறது. மாற்றியதில் தப்பு என்று நினைத்து மறுபடியும் போட்டேன். எட்டுதான். பழைய தராசிடம் போய்த் தட்டைப் பார்த்தேன். அதில் எட்டு வீசைக்கான ஒரு மணங்குக் கல் முழுசாக உட்கார்ந்திருந்தது.

“கல்லு எட்டு வீசை இருக்குங்களே” என்றேன்.

“ஆமா. பச்சத்தண்டுல்ல. மணங்குக்கு ரெண்டு வீசை ஈரம் தள்ளியாச்சு. போக ஆறு.”

“எப்பவும் தள்ளுவீங்களா?”

“பச்சை எது வந்தாலும் தள்ளித்தான் தம்பி சொல்லணும். வண்டிக்காரன் ஈர மரத்தக் கொண்டாந்து போடுறான். தண்ணியையும் சேத்து எடைன்னு சொன்னா அது பொய்யில்லையா? டிப்போவுல மொதல் நாளே சொல்லிக் குடுக்குறது. இருவத்தோரு வருசமா வாயில தானா வந்துரும்.”

எதிரே மின்சாரப் பெட்டி இலேசாக உறுமிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்த அவர், என் பார்வை போன திசையில் திரும்பி அந்தப் பெட்டியைப் பார்த்தார். ஒரு வருஷமாக அவர் கையாலேயே துண்டுகளை உள்ளே வைத்து, தண்ணீர் போக்கி, வெளியே எடுத்துக்கொண்டிருந்த பெட்டி.

“இது எதுக்குத் தம்பி?” என்று கேட்டார். தெரிந்துகொண்டு கேட்ட கேள்வி.

“தண்ணியக் கழிக்கத்தான்.”

“அப்ப, ரெண்டு தடவ.”

தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் நோட்டை எடுத்து நரித்திட்டுக் கணக்கை மறுபடியும் போட்டேன். வீரமலை தள்ளியதைத் திரும்பச் சேர்த்தால் பதினேழு, இருபத்திரண்டரையைத் தாண்டியது. சொன்னேன். “இருபதுக்கு மேலயா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதை மூன்று தடவை கேட்டார்.

அன்று மத்தியானமே பேராசிரியர் அறைக்குப் போனோம். நான் நோட்டோடு கதவருகில் நின்றேன்.

“அய்யா, தப்பு எம்மேல. நான் தண்ணியத் தள்ளிட்டேன். நீங்களும் தள்ளிட்டீங்க.”

பேராசிரியருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“அறிக்கை போயி ஒரு வருஷமாச்சு வீரமலை. கட்டுரையும் அச்சாயிடுச்சு. இப்பப் போயி, விறகுக்கடை வழக்கத்துல தப்பா நிறுத்துட்டோம்னு எழுதினா நம்மள என்ன நெனப்பாங்க?”

“என்ன வேலைய விட்டு அனுப்பிட்டதா எழுதிடுங்கய்யா. எடைய மட்டும் மாத்திடுங்க.”

பேராசிரியர் என்னைப் பார்த்தார். நோட்டு என் கையில்தான் இருந்தது. அவர் சொல்வது சரி சார், எட்டிப் பார்க்காதது என் தப்பும்தான் என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொற்கள் வரிசையாக இருந்தன. வாய் திறக்கவில்லை.

“போயி பெட்டியப் பாரு. சூடு ஏறிடப்போவுது” என்றார் பேராசிரியர்.

தை மாதம் வீரமலை தானே முத்துப்பேட்டைக்குப் போனார். துணைக்கு வரச் சொல்லி என்னைக் கேட்டார். வகுப்பு இருக்கிறது என்றேன். வகுப்பு இருந்தது உண்மைதான், ஆனால் மாற்றிவைத்திருக்கலாம். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். மாலையில் கல்லூரி வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னார்.

“வரப்பு கட்டிட்டாங்க. பாதிக்காடு விழுந்துருச்சு. கரையில அடுக்கி வச்சிருக்கு.”

“அந்தம்மாவப் பாத்தீங்களா?”

“பாத்தேன். எல்லாத்தையும் சொன்னேன். நாந்தான் கொறச்சேன்னு சொன்னேன். திட்டும்னு நெனச்சேன். திட்டல.” சைக்கிள் மணியின் நெம்பைத் தட்டாமல் விரலால் தடவிக்கொண்டிருந்தார். “‘ஏண்ணே, தண்ணியவா தள்ளுனீங்க? எங்க பொழப்பே தண்ணியிலதான இருக்கு’ன்னுச்சு. அவ்வளவுதான். அப்புறம் சோறு போட்டுச்சு. உப்பளத்துல கூலிக்குப் போவுதாம். மூத்தபுள்ளையும் போவுது.”

சித்திரையில் நிஜாமுதீன் ராவுத்தர் ஆள் அனுப்பினார். கூட்ஸ் வண்டியில் கீழைச்சீமை விறகு வந்திருக்கிறது, புது ஆளுக்கு எடை பிடிபடவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வந்து போட்டுக் கொடுக்க முடியுமா என்று. நானும் கூடப் போனேன். இந்தத் தடவை அவர் கூப்பிடவில்லை.

டிப்போவில் மலையாகக் குவிந்திருந்தது. வெட்டுவாயில் வளையம் வளையமாகக் கோடு ஓடிய வெளிறிய மரம். வீரமலை ஒரு கட்டையைக் கையில் எடுத்தார். பட்டையில் ஒட்டிக் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டினார். வெண்கண்டல். எங்கிருந்து வந்தது என்று அவரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

“பாய், தில்லைக்கட்டை கலந்திருக்கும். பொறுக்கித் தனியா எடுத்துருங்க. வீட்டு அடுப்புக்குப் போச்சுன்னா பொம்பளைங்க கண்ணு போயிடும்” என்றார். பிறகு தராசிடம் போனார்.

முதல் கட்டு ஏறியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முள் ஆடி நின்றது. கண்ணை முள்ளிலிருந்து எடுக்கவில்லை. உதடு அசையவில்லை.

“அஞ்சு மணங்கு.”

ராவுத்தர் நிமிர்ந்து பார்த்தார். “என்ன வீரமலை, ஈரம் தள்ளலியா? இன்னும் பச்சையா இருக்குதே.”

“தள்ளல பாய்.”

“முழுசாச் சொன்னா எப்புடி? தண்ணிக்கும் சேத்துக் காசு குடுத்தா வாங்குன எடம் சிரிக்குமே.”

“இன்னிக்கு மட்டும் முழுசா இருக்கட்டும் பாய்.”

அவர் குரலில் என்ன கேட்டதோ, ராவுத்தர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார். பொழுது சாயும்வரை வீரமலை நிறுத்தார். ஒவ்வொரு கட்டுக்கும் முழு எடை. எழுத வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனாலும் கையிலிருந்த புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டே வந்தேன். முதல் தடவையாக, ஒவ்வொரு முறையும் பக்கத்தில் போய்த் தட்டில் இருந்த கல்லை எண்ணிப் பார்த்துவிட்டு எழுதினேன்.

அதற்குப் பிறகு அவர் எதையும் நிறுத்துச் சொல்லி நான் கேட்கவில்லை. துறையில் ஏதாவது எடை போட வேண்டியிருந்தால், பொருளைத் தட்டில் வைத்துவிட்டு, “நீங்களே பாருங்க தம்பி” என்று தள்ளி நிற்பார். வேலை நிரந்தரமாகவில்லை. அவரும் அதைக் கேட்கவில்லை. சாயங்காலம் பாலத்தில் சைக்கிளை நிறுத்திக் கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பதை இரண்டு மூன்று தடவை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றிருக்கலாம்.

1963 ஐப்பசியில் காய்ச்சலில் கிடந்து, நான்காம் நாள் இறந்துபோனார். மூலத்தோப்பு வீட்டுக்குப் போனபோது, சந்திரம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

“நீங்கதான் நோட்டு எழுதுற தம்பியா? கடைசி ரெண்டு நாளும் நெனவில்லாம ஒரே பொலம்பல். மணங்குக்கு ரெண்டு, மணங்குக்கு ரெண்டுன்னு. யாருக்கோ திருப்பிக் குடுக்கணும்னு சொன்னாரு. யாருக்குத் தம்பி?”

எனக்குத் தெரியும். கடன் எதுவும் இல்லைங்கம்மா என்று மட்டும் சொன்னேன்.

1966இல் பேராசிரியர் தங்கையன் ஓய்வு பெற்றார். அவர் அறையைக் காலி செய்யும் வேலை என்னிடம் வந்தது. நரித்திட்டு என்று எழுதிய கோப்பில் அறிக்கையின் நகல் இருந்தது. அதற்கு அடியில், 1959 ஆவணியில் பேராசிரியர் தம் கைப்பட எழுதிய ஒரு கடிதத்தின் நகலும் இருந்தது. எடையில் தவறு நேர்ந்துவிட்டது, ஏக்கருக்கு இருபத்திரண்டரை டன்னுக்குக் குறையாது, தவறு முழுவதும் தம்முடையதே என்று எழுதியிருந்தார். எங்களை அறையிலிருந்து அனுப்பிய அடுத்த மாதமே எழுதியிருக்கிறார். வீரமலையின் பெயர் அதில் எங்கும் இல்லை.

அதோடு குத்தியிருந்த பதில், டைப் அடித்த நாலே வரி. திருத்தம் கிடைத்தது, பதிவு செய்யப்பட்டது. ஆனால் நரித்திட்டை உப்பளத்துக்கு ஒதுக்கும் உத்தரவு 1957 நவம்பர் பதினோராம் தேதியே கையெழுத்தாகிவிட்டபடியால், எடை கூடினாலும் குறைந்தாலும் அந்த முடிவைப் பாதிக்காது.

நாங்கள் நரித்திட்டில் மூன்று கம்பு நட்டுத் தராசைத் தொங்கவிட்டது அதற்கு அடுத்த வருஷம், மாசி மாதம்.